இரு நாட்டுக் கிணறுகள், ஒரே ஊற்று: எல்லை கடந்த நிலத்தடி நீரை ஆள்வது எப்படி?

பனியாக உறைந்து கிடப்பதை விட்டுவிட்டால், உலகின் நன்னீரில் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆறு, ஏரி, குளம் அனைத்தையும் சேர்த்தாலும் அதன் முன் சிறு பங்குதான். இந்த நீரைத் தேக்கி வைத்திருக்கும் மணல், சரளை, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளை நீர்த்தாங்கிகள் என்கிறோம். நெதர்லாந்தில் இயங்கும் பன்னாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டு மையம் 2021இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அடியில் பரவியவை என்று 468 நீர்த்தாங்கிகள் குறிக்கப்பட்டுள்ளன. எல்லை கடந்து ஓடும் ஆறுகளுக்கு நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் உண்டு. இந்த 468க்கும் என்று தனியாகச் செய்துகொண்ட உடன்பாடுகளோ இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

இந்த இடைவெளி ஏன் வந்தது? சட்டம் இதுவரை என்ன செய்திருக்கிறது? உடன்பாடு கண்ட நாடுகளில் நீர் உண்மையிலேயே காப்பாற்றப்பட்டதா? உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை இறைக்கும் தெற்காசியா இதில் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அனுபவம் காட்டும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒப்பந்தம் எழுதிய இடங்களில் எல்லாம் நீர் பிழைத்துவிடவில்லை. இரு தரப்பும் சேர்ந்து அளந்த இடங்களில், தத்தம் நாட்டுக்குள் பம்புக்குக் கடிவாளம் போட்ட இடங்களில்தான் பிழைத்திருக்கிறது.

மண்ணுக்கு அடியில் நடப்பது

நிலத்தடி நீர் ஆற்றைப் போல ஓடுவதில்லை. மணல் துகள்களின் இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் கசிந்து நகர்கிறது. பல இடங்களில் அது ஓராண்டில் கடப்பது சில மீட்டர்தான். ஒரு கிணற்றில் தொடர்ந்து இறைக்கும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்கிறது. அந்தக் கூம்பின் விளிம்பு நாட்டெல்லையைத் தாண்டினால், அந்தப் பக்கத்து நீர் இந்தப் பக்கம் சாயத் தொடங்கும். இழப்பவருக்கு அது உடனே தெரியாது. தெரியவரும்போது பல ஆண்டுகள் கழிந்திருக்கும். யார் இறைத்ததால் குறைந்தது என்று காட்டவும் கண்காணிப்புக் கிணறுகளின் நீண்ட காலப் பதிவு வேண்டும்.

ஆளுகை என்ற நோக்கில் இத்தகைய நீர்த்தாங்கிகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஆற்றோடு தொடர்புடையவை முதல் வகை. ஆற்றில் வெள்ளம் வரும்போது இவை நிரம்புகின்றன. கோடையில் ஆற்றுக்கு நீரைத் திருப்பித் தருகின்றன. சிந்து, கங்கைச் சமவெளிகளின் வண்டல் அடுக்குகள் இப்படிப்பட்டவை. மழை ஒரு நாட்டில் இறங்கி, ஊற்று இன்னொரு நாட்டில் வெளிப்படுவது இரண்டாம் வகை. இங்கே மேட்டு நிலத்தில் காடு அழிந்தாலோ கழிவு கொட்டப்பட்டாலோ பாதிப்பு கீழே இருப்பவருக்கு. மூன்றாவது வகை தொல்நீர். சகாராவிலும் அரேபியாவிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, இன்று ஊறுவதற்கு வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அதை இறைப்பது சுரங்கம் தோண்டுவதற்குச் சமம். எடுத்தது திரும்பி வராது.

முதல் வகைக்கு ஆற்றையும் கிணற்றையும் சேர்த்துப் பார்க்கும் விதி வேண்டும். இரண்டாவதற்கு ஊறும் பகுதியைக் காக்கும் விதி வேண்டும். மூன்றாவதில், எத்தனை தலைமுறைக்கு வைத்துச் செலவிடுவது என்ற முடிவு வேண்டும். ஒரே அச்சில் வார்த்த சட்டம் மூன்றுக்கும் பொருந்தாது என்பதும் இத்துறையில் வேகம் குறைந்ததற்கு ஒரு காரணம்.

சட்டம் வந்த வழி

பன்னாட்டு நீர்ச் சட்டம் ஆற்றைப் பார்த்து வளர்ந்தது. பன்னாட்டுச் சட்டக் கழகம் 1966இல் வகுத்த ஹெல்சிங்கி விதிகள், ஆற்றோடு சேர்ந்த நிலத்தடி நீரை மட்டும் கணக்கில் எடுத்தன. 1986இல் அதே கழகம் சியோல் விதிகள் மூலம், ஆற்றோடு தொடர்பில்லாத நிலத்தடி நீரையும் உள்ளே கொண்டுவந்தது. 1989இல் அறிஞர் குழு ஒன்று பெலாஜியோ மாதிரி உடன்படிக்கையை எழுதியது. இவையெல்லாம் நிபுணர்களின் ஆவணங்கள். எந்த அரசையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை.

ஐ.நா. பொதுச்சபை 1997இல் நீர்வழிகள் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 103 நாடுகள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி எதிர்த்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அது நடைமுறைக்கு வரவே 2014 ஆகஸ்ட் ஆனது. அதிலும் ஆற்றோடு இணைந்து ஒரே கழிமுகத்தை நோக்கிச் செல்லும் நிலத்தடி நீருக்குத்தான் இடம் உண்டு. தொல்நீர் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

இந்தக் குறையைத் தீர்க்க ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் முயன்றது. ஜப்பானைச் சேர்ந்த சூசெய் யமாதா சிறப்பு அறிக்கையாளராக இருந்து, நிலவியல் அறிஞர்களையும் உடன் வைத்துக்கொண்டு 19 வரைவுப் பிரிவுகளை உருவாக்கினார். பொதுச்சபை 2008 டிசம்பரில் 63/124 எண்ணுள்ள தீர்மானத்தின் மூலம் அவற்றைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. நியாயமாகவும் பொருத்தமாகவும் பயன்படுத்துதல், அடுத்த நாட்டுக்குக் கணிசமான தீங்கு செய்யாதிருத்தல், தரவுகளை ஒழுங்காகப் பரிமாறுதல், நீர் ஊறும் பகுதியையும் வெளிப்படும் பகுதியையும் காத்தல், சேர்ந்து கண்காணித்தல், பெரிய திட்டங்களை முன்கூட்டியே அறிவித்தல் ஆகியவை இப்பிரிவுகளின் சாரம்.

சர்ச்சைக்கு உள்ளானது மூன்றாம் பிரிவு. தன் நிலப்பரப்புக்கு உட்பட்ட நீர்த்தாங்கிப் பகுதியின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் இறையாண்மை உண்டு என்று அது சொல்கிறது. பாறை நகராது; நீர் நகரும். நகரும் பொருளை இறையாண்மைக்குள் அடைத்தால், பொதுச் சொத்தைப் பகிர்தல் என்ற அடிப்படையே ஆட்டம் காணும் என்று வாதிட்டார் ஸ்டீபன் மக்கஃப்ரி. ஆறுகளுக்கான சட்டத்தை எழுதும்போது இதே ஆணையத்தின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர் அவர். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் பல அரசுகள் வரைவைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது என்பதையும் மறுக்க முடியாது. பொதுச்சபை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வரைவை எடுத்துப் பேசுகிறது. உடன்படிக்கையாக ஆக்கும் முடிவு இன்னும் வரவில்லை.

ஐரோப்பாவில் 1992இல் உருவான ஹெல்சிங்கி நீர் உடன்படிக்கை இணையாக ஓடும் இன்னொரு பாதை. 2012இல் நிலத்தடி நீருக்கான மாதிரி விதிகளை அது வெளியிட்டது. 2016 முதல் உலகின் எந்த நாடும் அதில் சேரலாம். 2025இல் வங்கதேசம் சேர்ந்தது. தெற்காசியாவிலிருந்து சேர்ந்த முதல் நாடு அதுதான்.

ஜெனிவா: வற்றிய ஊற்று மீண்ட கதை

இத்துறையில் வேலை செய்வோர் அனைவரும் முதலில் கற்கும் பாடம் ஜெனிவா. சுவிட்சர்லாந்தின் ஜெனிவா மாகாணத்துக்கும் பிரான்சின் ஓட்-சவ்வா மாவட்டத்துக்கும் அடியில், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரளை அடுக்கு கிடக்கிறது. 1960களில் இரு பக்கமும் கேட்பாரற்று இறைத்தார்கள். 1971இல் எடுத்த நீர் சுமார் 1.4 கோடி கன மீட்டர். இயற்கையாக ஊறுவதைப் போல் அது ஏறக்குறைய இரு மடங்கு. நீர்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கி, சில கிணறுகள் பயனற்றுப் போயின.

ஜெனிவா மாகாணம் அப்போது ஆர்வ் ஆற்றின் நீரை வடிகட்டி நிலத்துக்குள் செலுத்தும் நிலையத்தை வெஸ்ஸியில் கட்ட முடிவு செய்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. சுவிஸ் மக்களின் செலவில் ஊறும் நீரை பிரெஞ்சுக் கிணறுகளும் எடுக்குமே? ஒப்பந்தம் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். 1978இல் 30 ஆண்டுகளுக்கு உடன்பாடு எழுதப்பட்டது. 1980இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிரெஞ்சுத் தரப்பு ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம். அதில் முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் எடுப்பதற்கு, நீரை ஊறவைக்கும் செலவில் பங்கு தர வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் பொருத்தப்பட்டது. தரப்புக்கு மூவர் கொண்ட மேலாண்மைக் குழு அமைந்தது. மூவரில் இருவர் நீர்த்துறை வல்லுநர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. நீர்மட்டம் மீண்டது. 2008 முதல் இன்னும் 30 ஆண்டுகளுக்கு உடன்பாடு புதுப்பிக்கப்பட்டது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பாரிஸும் பெர்னும் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தம் இல்லை இது; புதுப்பித்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் ஜெனிவா மாகாணமும் எல்லையோர பிரெஞ்சு உள்ளாட்சிகளும். அடுத்து, இருக்கும் நீரைப் பிய்த்துக்கொள்ளும் பேச்சாக இது தொடங்கவில்லை. நீரை உண்டாக்கும் செலவை எப்படிப் பகிர்வது என்ற கணக்காகத் தொடங்கியது. அதனால்தான் இழுபறி குறைந்தது.

ஜெனிவாவின் வெற்றியை அப்படியே எங்கும் எடுத்துச் செல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நீர்த்தாங்கி சிறியது, பங்காளிகள் இருவர், இருவரும் வசதியுள்ளவர்கள், ஜெனிவாவின் குடிநீரில் பெரும்பகுதியைத் தர அருகிலேயே பெரிய ஏரியும் இருக்கிறது.

குவரானி: சண்டை வருவதற்கு முன்பே

அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளுக்கு அடியில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது குவரானி நீர்த்தாங்கி. அந்த மண்ணின் பழங்குடி மக்களின் பெயர் அதற்கு. பரப்பில் பெரும்பங்கும், இறைப்பதில் அதைவிடப் பெரும்பங்கும் பிரேசிலுடையவை. சாவோ பாவ்லோ மாநிலத்தின் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரம் இந்த ஒரு நீரை நம்பியே வாழ்கிறது.

2003 முதல் 2009 வரை நான்கு நாடுகளும் சேர்ந்து, பன்னாட்டு நிதியுதவியுடன், இந்த நீர்த்தாங்கியை ஆராய்ந்தன. பெரிய உண்மை ஒன்று அதில் வெளிப்பட்டது: ஒரு நாட்டின் கிணறு இன்னொரு நாட்டைப் பாதிப்பது எல்லையையொட்டிய குறுகிய பட்டையில்தான். அர்ஜென்டினாவின் கொன்கோர்டியாவும் உருகுவேயின் சால்டோவும் வெந்நீர் ஊற்றுகளைப் பகிரும் இடம் அத்தகையது. உருகுவேயின் ரிவேராவும் பிரேசிலின் சந்தானா தோ லிவ்ரமெந்தோவும் ஒட்டிக் கிடக்கும் இடமும் அப்படியே. அறிவியல் தந்த இந்தத் தெளிவு, அடுத்த நாடு முழு நீரையும் உறிஞ்சிவிடும் என்ற அச்சத்தைத் தணித்தது.

2010 ஆகஸ்டில் சான் ஹுவான் நகரில் உடன்பாடு கையெழுத்தானது. சச்சரவு ஏதும் முற்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட அரிய உடன்பாடு இது. ஆனால் நான்கு நாடுகளின் நாடாளுமன்றங்களும் ஏற்று அது நடைமுறைக்கு வர 2020 நவம்பர் ஆகிவிட்டது. அளவு எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. இறையாண்மை மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படுகிறது. கூட்டு ஆணையத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஆணையத்துக்குப் பணமும் ஆளும் கொடுப்பதில்தான் இந்த உடன்பாட்டின் உண்மையான சோதனை இருக்கிறது.

சகாரா: திரும்பி வராத நீர்

எகிப்து, லிபியா, சூடான், சாட் நாடுகளுக்கு அடியில் இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் நூபிய மணற்பாறை நீர்த்தாங்கி, உலகின் மிகப் பெரிய தொல்நீர்க் களஞ்சியங்களுள் ஒன்று. லிபியா 1984இல் தொடங்கிய மாபெரும் செயற்கை ஆறு திட்டம், நான்கு மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் பாலைவனத்து நீரைக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. 1991இல் பெங்காசி, 1996இல் திரிபோலி என்று அந்த நீர் போய்ச் சேர்ந்தது. எகிப்தும் தன் தென்மேற்குப் பாலையில் அதே பாறையிலிருந்து இறைத்துப் பயிர் செய்கிறது.

இந்நான்கு நாடுகளுக்கும் 1990களிலேயே கூட்டு ஆணையம் உண்டு. எகிப்தும் லிபியாவும் தொடங்க, 1996இல் சூடானும் 1999இல் சாட்டும் சேர்ந்தன. 2000இல் தரவுப் பகிர்வுக்கு உடன்பட்டன. பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையுடன் நீரின் ஐசோடோப்புகளை ஆராய்ந்து அதன் வயதைக் கணித்தன. 2013இல் பொதுச் செயல்திட்டம் ஒன்றிலும் கையெழுத்திட்டன. ஆனால் லிபியாவும் சூடானும் உள்நாட்டுப் போரில் சிக்கியபின் எந்த ஆணையமும் முழு மூச்சில் இயங்க முடியாது. அமைதி இல்லாத நாட்டில் நீர் மேலாண்மையும் இல்லை.

அல்ஜீரியா, துனீசியா, லிபியா பகிரும் வடமேற்கு சகாரா நீர்த்தாங்கி இதைவிட நம்பிக்கை தருகிறது. அங்கே ஆண்டுக்கு ஊறுவது ஏறத்தாழ 100 கோடி கன மீட்டர். 2000ஆம் ஆண்டு வாக்கில் எடுத்ததோ 250 கோடி. பேரீச்சந்தோப்புகளை வாழவைத்த ஊற்றுகள் வற்றின. அந்த நாடுகள் ஒப்பந்த வாசகத்தில் பேச்சைத் தொடங்கவில்லை. மூன்று நாட்டுக் கிணறுகளின் விவரங்களையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, ஒரே கணினி மாதிரியை உருவாக்கின. அதன் முடிவுகளைப் பார்த்தபின் 2002இல் கலந்தாய்வு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன. 2008இல் அதை நிரந்தரமாக்கின. துனிஸ் நகரிலுள்ள சகாரா-சாஹேல் ஆய்வகம் அதன் செயலகம். அவரவர் கணக்கை அவரவர் வைத்துக்கொண்டு பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

டிசி: எல்லையில் ஒரு காப்புப் பட்டை

ஜோர்டானும் சவூதி அரேபியாவும் பகிரும் தொல்நீர் டிசி, சாக் என்ற பெயர்களில் அறியப்படுகிறது. சவூதி 1980களில் இந்த வகை நீரைக் கொண்டு பாலைவனத்தில் கோதுமை விளைவித்து ஏற்றுமதிகூடச் செய்தது. பின்னர் நீர் தீர்ந்துவருவதைக் கண்டு அதைக் கைவிட்டது. ஜோர்டான் 2013இல் டிசியிலிருந்து அம்மானுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் அமைத்து, ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் குடிநீர் எடுக்கத் தொடங்கியது.

2015 ஏப்ரலில் இரு நாடுகளும் செய்த உடன்பாடு சில பக்கங்களே கொண்டது. எல்லையின் இரு பக்கமும் ஒரு காப்புப் பகுதி. அதில் கிணறுகள் கூடாது, இருப்பவற்றை ஐந்தாண்டுக்குள் மூட வேண்டும். அதையடுத்த மேலாண்மைப் பகுதியில் குடிநீர்த் தேவைக்கு மட்டும் இறைக்கலாம். கண்காணிக்க ஒரு கூட்டுத் தொழில்நுட்பக் குழு. அளவு பிரிக்கும் சண்டைக்கே இடமில்லாமல், எல்லையோரத்தில் இறைப்பதை நிறுத்தியது இந்த உடன்பாட்டின் எளிமை. மண்ணுக்குள் நீர் மெதுவாக நகர்வதால் இந்த எளிய விதி வேலை செய்யும்.

வலுவில் சமம் இல்லாத இடங்கள்

அமெரிக்காவும் மெக்சிகோவும் 1973இல் கொலராடோ ஆற்று உப்புச் சிக்கலைத் தீர்க்கச் செய்த ஏற்பாட்டில், சான் லூயிஸ் அருகே எல்லையிலிருந்து ஐந்து மைலுக்குள் ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு 1,60,000 ஏக்கர்-அடிக்கு மேல் இறைக்கக் கூடாது என்று வரம்பு வைத்தன. முழுமையான நிலத்தடி நீர் ஒப்பந்தம் வரும்வரை இது இடைக்கால ஏற்பாடு என்று எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த ஒப்பந்தம் வரவில்லை. டெக்சாஸின் எல் பாசோவும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸும் ஒரே நீர்த்தாங்கியிலிருந்து எந்தக் கூட்டு விதியும் இன்றி இறைக்கின்றன. அமெரிக்காவில் நிலத்தடி நீர் மாநிலங்களின் அதிகாரம். மெக்சிகோவில் அது மத்திய அரசின் கையில். பேச வேண்டியவர்கள் சம தளத்தில் இல்லை என்பது இங்கே பெரிய தடை.

மேற்குக் கரையின் மலை நீர்த்தாங்கி இன்னும் கசப்பான பாடம். மழை பெரும்பாலும் பாலஸ்தீன மலைகளில் இறங்குகிறது. மேற்குப் பகுதியின் நீர் இஸ்ரேல் பக்கம் வெளிப்படுகிறது. 1995இன் இரண்டாம் ஓஸ்லோ உடன்பாடு மேற்குப் பகுதியின் ஆண்டு நீர் 36.2 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டு, அதில் 34 கோடி இஸ்ரேலின் பயன்பாடு, 2.2 கோடி பாலஸ்தீனருடையது என்று பதிந்தது. பாலஸ்தீனரின் நீர் உரிமையை இஸ்ரேல் ஏற்கிறது என்றும் எழுதியது. அந்த உரிமை எவ்வளவு என்பதை இறுதிப் பேச்சுக்குத் தள்ளிவைத்தது. அந்தப் பேச்சு முடியவே இல்லை. கூட்டு நீர்க் குழுவில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் மேற்குக் கரையில் புதுக் கிணறு தோண்ட முடியும். ஏற்கெனவே நீரைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த விதி நன்மை. இனிமேல்தான் தோண்ட வேண்டியவருக்கு அது பூட்டு. கூட்டுக் குழு என்ற பெயர் இருந்தாலே நீதி வந்துவிடாது.

நம் துணைக்கண்டம்: ஒப்பந்தம் தொடாத ஆழம்

சிந்து-கங்கைச் சமவெளியின் வண்டல் பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நான்கு நாடுகளுக்கும் பொதுவானது. உலகம் இறைக்கும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய கால் பங்கு இங்கிருந்து வருகிறது. நாசாவின் கிரேஸ் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாகக் கணக்கிட்டது. மேட்டூர் அணையை நாற்பது முறை நிரப்பும் அளவு அது. அளவோடு தரமும் கெடுகிறது: 200 மீட்டர் ஆழம் வரையுள்ள நீரில் சுமார் 60 சதவீதம் உப்பாலோ ஆர்செனிக்காலோ கெட்டிருப்பதாக 2016இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது.

1960இன் சிந்து நீர் ஒப்பந்தம் ஆறு ஆறுகளைப் பிரித்தது. அவற்றின் அடியில் உள்ள நீருக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ராவி ஆறு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. லாகூரின் நிலத்தடி நீரை நெடுங்காலம் ஊறவைத்தது அந்த ராவிதான். ஆற்றில் நீர் குறைந்தபோது நகரத்தின் ஊற்றும் குறைந்தது. இந்தியாவின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் தொடங்கும் ஹுடியாரா வடிகால், இரு நாட்டு ஆலைக் கழிவையும் சுமந்து லாகூர் வழியாக ராவியில் கலக்கிறது. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் அமிர்தசரஸும் லாகூரும் ஒரே வண்டலில் இறைக்கின்றன. ஒன்றின் நீர்மட்டத்தை இன்னொன்று அறிய முறையான வழி இல்லை. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பின், சிந்து ஒப்பந்தத்தையே இந்தியா நிறுத்தி வைத்தது. மேலே ஓடும் நீரைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது.

கிழக்கே நிலை வேறுவிதம். நேபாளத்தின் சூரே மலையடிவாரத்துச் சரளை நிலத்தில் இறங்கும் மழை, தராய் வழியாகத் தெற்கே சாய்கிறது. அந்த மலையில் மணலும் கல்லும் தோண்டப்படுவது எல்லையின் இரு பக்கத்துக்கும் கவலை தர வேண்டிய செய்தி. வங்காளத்தில் ஆர்செனிக் நஞ்சுக்கு எல்லை இல்லை. மேற்கு வங்கத்தில் 1980களிலும் வங்கதேசத்தில் 1990களிலும் அது கண்டறியப்பட்டது. மேலடுக்கில் நஞ்சு இருப்பதால் மக்கள் ஆழத்து நல்ல நீருக்குப் போகிறார்கள். அந்த ஆழத்தையும் பாசனத்துக்காக இறைத்தால் மேலடுக்கு நஞ்சு கீழே இறங்கும் அபாயம் உண்டு. 1996இன் கங்கை ஒப்பந்தம் ஜனவரி முதல் மே வரை பரக்காவில் ஆற்று நீரைப் பங்கிடுகிறது. அந்த மாதங்களில் கங்கையில் ஓடும் நீரில் கணிசமான பகுதி நிலத்தடியிலிருந்து ஊறி வருவது. கரையோரக் கிணறுகளைக் கணக்கில் எடுக்காமல் ஆற்றைப் பங்கிடுவது வருமானத்தைப் பார்க்காமல் செலவைப் பிரிப்பதாகிவிடும்.

வீட்டுக்குள் இல்லாத விதி

எல்லை தாண்டிய பேச்சு ஏன் நகரவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் எல்லைக்கு உள்ளேயே இருக்கிறது. 1882இன் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையை நிலவுடைமையாளருக்குத் தந்தது. அந்தக் காலனிய மரபு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இன்னும் வேர்விட்டிருக்கிறது. இந்திய அரசு 1970 முதல் மாதிரி மசோதாக்களை மாநிலங்களுக்கு அனுப்பிவருகிறது. தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றி, 2013இல் அதை நீக்கிவிட்டது. இந்தியப் பஞ்சாபில் 1997 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் அங்கே இறைக்கிறார்கள். 2009இல் அந்த மாநிலம் ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது என்று சட்டம் போட்டது. கடுங்கோடையில் ஆவியாகும் நீர் மிஞ்சியது. ஆனால் அறுவடை தள்ளிப்போய், வைக்கோல் எரிக்கும் காலம் குளிர்காலத் தொடக்கத்தோடு மோதியது. இப்போது எல்லையின் இரு பக்கமும் சூரிய மின் பம்புகள் வேகமாகப் பரவுகின்றன. அவை ஓடுவதற்கு மாதாமாதம் கட்டணமே இல்லை. வெயில் உள்ளவரை இறைக்கலாம் என்ற நிலை வந்தபின், விலை என்ற கடிவாளமும் கையை விட்டுப் போகிறது.

தமிழக வாசகருக்கு நெருக்கமான ஒரு முன்னுதாரணமும் உண்டு. 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதைச் சுட்டி, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தது. பெங்களூரின் தேவையும் சேர, கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடியது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீர் 192இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது. ஆற்றையும் கிணற்றையும் ஒரே கணக்கில் பார்ப்பது அறிவியலுக்கு இசைந்ததே. ஆனால் ஒரு மாநிலத்தின் கிணற்றை எண்ணி, இன்னொரு மாநிலத்தின் கிணற்றை எண்ணாமல் விடும்போது அந்த நியாயம் அரைகுறையாகிறது. டெல்டாவின் அந்த நீரும் காவிரி ஓடினால்தானே ஊறும்? நாடுகளுக்கு இடையிலும் இதே தவறு நேரக் கூடாது. எண்ணுவதென்றால் இரு பக்கமும் எண்ண வேண்டும்.

செய்ய வேண்டியவை

உலக அனுபவத்திலிருந்து தெற்காசியா எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது தரவு. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் ஆற்று நீரளவுகளை இந்தியா இன்னும் ரகசியமாகவே வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் வானிலிருந்து எடைபோட்டுச் சொல்லும் காலத்தில் இந்த மறைப்பால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. எல்லையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தொலைவுக்குள் கண்காணிப்புக் கிணறுகள், ஒரே அளவு முறை, ஆண்டுக்கு இருமுறை பரிமாற்றம் என்ற அளவில் தொடங்கலாம். அரசுகள் பேசாவிட்டாலும் பல்கலைக்கழகங்கள் பேசலாம்.

இரண்டாவது, காப்புப் பட்டை. முழுச் சமவெளிக்கும் பங்கு பிரிக்கும் கனவை ஒதுக்கிவைத்து, டிசியிலும் சான் லூயிஸிலும் செய்ததைப் போல எல்லையோரச் சில கிலோமீட்டரில் புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு வரம்பு வைக்கலாம். குவரானி ஆய்வு காட்டியபடி, உண்மையான மோதல் நிகழக்கூடிய இடம் அதுதான்.

மூன்றாவது, ஊறும் இடங்களும் கழிவும். ஹுடியாரா வடிகாலைச் சுத்தம் செய்வதில் இரு பஞ்சாபுக்கும் ஆதாயம் உண்டு. பங்கு பிரிக்கும் தகராறுக்கு அதில் வழியே இல்லை. இப்படி இருவருக்கும் நன்மை தரும் வேலையில் தொடங்குவதே ஜெனிவாவின் வழி. நான்காவது, 1996 கங்கை ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த ஏற்பாட்டில் நிலத்தடி நீருக்கென ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும். ஆர்செனிக் கண்காணிப்பையும் ஆழத்து நீரைக் குடிநீருக்கென ஒதுக்குவதையும் அதில் சேர்க்கலாம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். நெல்லுக்கு மட்டும் உறுதியான கொள்முதல் விலை தந்துவிட்டு, உழவர் நீரை வீணாக்குகிறார் என்று பழிப்பதில் நேர்மை இல்லை. நீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கும் அதே உறுதியான விலை வேண்டும். நிலம் வைத்திருப்பவரின் தனிச் சொத்து என்ற 1882இன் பார்வையை விட்டு, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் பொதுவானது என்ற நிலைக்குச் சட்டம் வர வேண்டும். கிணறு வெட்டப் பணமில்லாதவரும் நிலமே இல்லாதவரும் அந்த நீரின் பங்காளிகள்.

தன் கிணறுகளின் எண்ணிக்கையே சரியாகத் தெரியாத அரசு, அடுத்த நாட்டோடு எதைப் பேச முடியும்? ஒப்பந்தத்துக்கு நல்லுறவு வேண்டும். நல்லுறவு வரும்வரை காத்திருக்கலாம் என்று அரசுகள் நினைக்கின்றன. இறங்கும் நீர்மட்டம் அவற்றுக்காகக் காத்திருக்காது. நம் பக்கத்துக் கிணறுகளை அளப்பதற்கும், அந்த அளவை மக்கள் முன் வைப்பதற்கும், இறைப்பதற்கு வரம்பு கட்டுவதற்கும் எந்த அண்டை நாட்டின் சம்மதமும் தேவையில்லை. அதை இன்றே தொடங்குமாறு நம்மை ஆள்பவர்களைக் கேட்பது வாசகர்களாகிய நம் கடமை.